என் குரலுக்கு வராத கோழிகள்

சில வருடங்களுக்கு முன் ஓர் ஐப்பசி மாதம். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், ஆலப்பாக்கம் தாண்டி உள்ளே போனால் வரும் எங்கள் ஊரில் நடந்தது. புயல் வருகிறது என்று காலையிலிருந்தே டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஊரே மெழுகுவத்தி, பால் பாக்கெட் என்று ஓடிக்கொண்டிருந்தபோது, நான் கொல்லைப்புறத்தில் நின்று ஓர் அலுமினியத் தட்டைத் தட்டித் தட்டிக் கோழிகளைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். ஒன்றுகூட என் பக்கம் திரும்பவில்லை. அந்தச் சாயங்காலத்தைச் சொல்வதற்கு முன்னால், அந்தக் கோழிகள் எங்கள் வீட்டுக்கு எதற்கு வந்தன என்பதைச் சொல்லியாக வேண்டும்.

என் கணவர் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். கடலூர் - சிதம்பரம் ரூட். படிக்கட்டில் தொற்றிக்கொண்டு அவர் ஊர்ப் பெயர்களை அடுக்கினால், பின்னால் வரும் வண்டிக்காரர்களுக்கு வயிறு எரியும். அப்படி ஒரு குரல். வீட்டில் மட்டும் பேச்சு கம்மி. "நாள் பூரா கத்திட்டு வரேன், வூட்லயாவது சும்மா இருக்க வுடு" என்பார். நான் பக்கத்து ஊர் அங்கன்வாடியில் உதவியாளர். வாண்டுகளோடு பேசிப் பேசி ஓயாத வாய் எனக்கு. ஆகவே பேசுவது நான், 'ம்' கொட்டுவது அவர் என்று எங்கள் குடும்பம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஒரு நாள் காலையில் டியூட்டிக்குக் கிளம்பியவருக்குச் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. வலது கை துவண்டு தொங்கியது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. சிதம்பரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உயிர் தப்பியது. கால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி, தடி ஊன்றி நடக்கவும் ஆரம்பித்துவிட்டார். பேச்சுதான் திரும்பவில்லை. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும். பதிலும் உள்ளே இருக்கும். வாய்க்கு வருவதற்குள் அது நொறுங்கிப் போய்விடும்.

அங்கே பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் நல்ல பொறுமைசாலி. உதடு ஒட்டிப் பிரியும் எழுத்துகளிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். ப, பா, ம, மா. பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மொதல் சில மாசம்தாம்மா முக்கியம். இப்ப முயற்சி பண்ணாம வாய மூடிக்கிட்டாருன்னா, அப்புறம் கொண்டுவர்றது கஷ்டம். வீட்ல எப்டியாவது பேச வைங்க" என்றார். 

ஆனாலும் ஒரு தைரியம். பேச வைப்பதுதானே என் வேலையே! எத்தனை குழந்தைகளுக்கு 'அம்மா, ஆடு' சொல்லிக் கொடுத்தவள் நான். அங்கன்வாடியில் பழசாகிப் போன படத்தாள் ஒன்றைக் கொண்டுவந்து, அவர் கட்டிலுக்கு எதிரே சுவரில் ஒட்டினேன். காலையும் மாலையும் பாடம். "சொல்லுங்க பாக்கலாம். ப... பா..." என்று ராகம் போடுவேன். அவர் உதட்டைக் கூட்டி, கழுத்து நரம்பு புடைக்கத் திணறுவார். பார்க்கப் பொறுக்காமல் நானே அந்த வார்த்தையைச் சொல்லி முடித்துவிடுவேன். அரைகுறையாக ஒன்று வந்தால் கை தட்டுவேன். வராவிட்டால் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வேன்.

கொஞ்ச நாளில் அவர் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டார். பழைய 'ம்' கூட இல்லை. நான் படத்தாள் பக்கம் போனாலே சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். மகள் அப்போது சிதம்பரத்தில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். தினமும் சாயங்காலம் போன் செய்வாள். போனை அவர் காதில் வைத்துக்கொண்டு நான் பக்கத்திலேயே நிற்பேன். "ரெண்டு வார்த்தை பேசுங்க, புள்ள காத்துட்டு இருக்குது இல்ல?" என்று தூண்டுவேன். அவள் குரலைக் கேட்டு அவருக்குக் கண் நிறையும். ஒரு சத்தமும் எழுப்பாமல் போனை என் பக்கம் தள்ளிவிடுவார். நாட்கள் போய்க்கொண்டிருந்தன. அந்தப் பயிற்சிப் பெண் சொன்ன கெடு என் மண்டைக்குள் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் என் நாத்தனார் ஒரு கூடையோடு வந்து சேர்ந்தார். என் கணவரின் அக்கா. இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். கூடைக்குள் இளங்கோழிகளும் ஒரு சிவப்புச் சேவலும் கால் கட்டிக் கிடந்தன. "சும்மா செவுத்தையே பாத்துட்டுக் கெடக்குறான். கண்ணு முன்னாடி எதனா ஓடியாடிட்டு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இறக்கி வைத்தார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆளைப் பார்ப்பேனா, கோழியைப் பார்ப்பேனா?

நான் கட்டை அவிழ்க்கப் போனபோது நாத்தனார் கையைத் தட்டிவிட்டார். "ஏம்மா, அவுத்து வுட்டா அவ்ளோதான், வந்த தெசைய பாத்து ஓடிடும். கொல்லையில பழைய கூண்டு கெடக்குது இல்ல, கொஞ்ச நாளு அதுலயே அடைச்சு வையி. தீனி தண்ணி எல்லாம் உள்ளயே. ராவுக்குப் படுக்குற எடம் இதான்னு அதுக்கு மனசுல பதியணும். அப்புறம் பொழுது சாயறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் தொறந்து வுடு. பசியோட வுடு. நொய்யரிசிய கூண்டுக்குள்ள போட்டுட்டு கூப்புடு, தானா வந்து அடையும்."

"என்னான்னு கூப்புடறது, அக்கா?"

"எதனா சொல்லு. ஆனா ஒரே ஆளு, ஒரே தட்டு, ஒரே கொரலு. கொரலு பழகணும்மா. பழகாத கொரலுக்குக் கோழி திரும்பிக்கூட பாக்காது."

நான் 'பா பா பா' என்று கூப்பிட்டேன். எங்கள் பக்கம் எல்லோரும் கூப்பிடுவதுதான். அவர் சொன்னபடி கொஞ்ச நாள் அடைத்து வைத்துவிட்டு, முதல் தடவை திறந்துவிட்டபோது மனசு அடித்துக்கொண்டது. முருங்கை மரத்தடியைக் கிளறின, வேலி வரைக்கும் போயின, போயே விட்டன என்று நினைத்தேன். வெயில் இறங்கியதும் தட்டைத் தட்டி, "பா... பா... பா..." என்றேன். ஒன்று தலையைத் தூக்கியது. அடுத்தது ஓடிவந்தது. பிறகு எல்லாமே இறக்கையை விரித்துக்கொண்டு குடுகுடுவென்று ஓடிவந்து கூண்டுக்குள் நுழைந்தன. எனக்கு ஏற்பட்ட பெருமையைச் சொல்லி முடியாது. இந்த உலகத்தில் என் பேச்சைக் கேட்கவும் நாலு ஜீவன்கள் இருக்கின்றன!

என் கணவர் பின்வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரை விட்டு அவர் பார்வை கோழிகள் பக்கம் திரும்பியதே எனக்கு ஆறுதலாக இருந்தது. கோழிகள் பழகிய பிறகு காலையிலேயே அவற்றைத் திறந்துவிட்டு, அவரையும் அங்கே உட்கார வைத்துவிட்டு வேலைக்குப் போவேன். நொய் டப்பா மட்டும் சீக்கிரம் சீக்கிரம் காலியானது. எலி வேலை என்று நினைத்து மூடியின் மேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்தேன். காலையில் வைத்த கல் சாயங்காலம் பக்கத்தில் கிடக்கும். பலே எலி என்று நினைத்துக்கொண்டேனே தவிர, அதற்கு மேல் யோசிக்கவில்லை.

புயலுக்குச் சில நாள் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் தம்பி குறிஞ்சிப்பாடியிலிருந்து அவரைப் பார்க்க வந்தான். "என்னா மாமா, ஆளே எளச்சிட்டீங்க! ஒரு நாட்டுக்கோழி அடிச்சு கொழம்பு வச்சா ஒடம்பு தேறிடும்" என்றான். எனக்கும் அது சரியென்று பட்டது. பட்டப்பகலில் மேய்ந்துகொண்டிருக்கும் கோழியை எப்படிப் பிடிப்பது? என் மூளைக்கு எட்டிய வழி அதுதான். தட்டை எடுத்துக்கொண்டு போய், "பா... பா... பா..." என்றேன். எல்லாம் நம்பி ஓடிவந்தன. என் காலடியில் வந்து நின்ற சிவப்புச் சேவலைத் தம்பி லபக்கென்று அமுக்கினான். அது போட்ட கூச்சலில் மற்றவை தலைதெறிக்கச் சிதறி ஓடின.

பின்வாசலில் டொக்கென்று ஒரு சத்தம். அவர் தடியைத் தரையில் ஓங்கி அடித்தார். முகம் சிவந்துவிட்டது. எதையோ சொல்ல வந்து, உதடு நடுங்கி, அடங்கிவிட்டார். அன்று வைத்த குழம்பை அவர் தொடவே இல்லை. சேவல் மேல் பாசம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

விஷயத்தைக் கேள்விப்பட்ட நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டார். "அடிப்பாவி, கூப்ட்ட வாயாலயே புடிப்பியா? கொழம்புக்கு வேணும்னா கூண்டுல அடைஞ்ச பின்னாடி கைய வுட்டு எடுக்கணும். தீனி போட கூப்புடுற கொரலுல ஒரு நாளும் புடிக்கக் கூடாது. இனிமே உன் கொரல கேட்டா வருமா அது?"

வரவில்லை. அன்று சாயங்காலம் தட்டைத் தட்டினேன். தூரத்தில் நின்று கழுத்தை நீட்டிப் பார்த்தன. ஓர் அடி முன்னால் வைத்தேன். இரண்டு அடி பின்னால் போயின. இருட்டும் நேரத்தில் ஒவ்வொன்றாகப் பறந்து முருங்கை மரத்தில் ஏறிக்கொண்டன. மறுநாளும் அப்படித்தான். விடிந்ததும் கீழே இறங்கிய ஒன்றைக் கீரி தூக்கிக்கொண்டு போய்விட்டது. மிச்சம் இருந்தவை அப்போதும் கூண்டுக்கு வரவில்லை. கீரியைவிட என்னைப் பார்த்தால்தான் அவற்றுக்குப் பயம் ஜாஸ்தி.

அப்போதுதான் புயல் செய்தி வந்தது. காற்று என்று ஒன்று வந்தால் முதலில் முறிவது முருங்கைதான். அது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சாயங்காலமே வானம் கறுத்துத் தூறல் ஆரம்பித்துவிட்டது. கோழிகள் மரத்தடியில் கூடி நின்றன. ஒன்றிரண்டு தாழ்ந்த கிளையில் ஏறியும் விட்டன. இன்னும் கொஞ்சம் இருட்டினால் எல்லாமே உச்சிக்குப் போய்விடும், அதற்குப் பிறகு யார் கூப்பிட்டும் பிரயோசனம் இல்லை.

நான் தட்டிய தட்டு நெளிந்துபோனதுதான் மிச்சம். அங்கன்வாடிக் குரல், அதட்டல் குரல், அழுகைக் குரல் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். நாத்தனாரும் ஓடிவந்து ஒரு கழியை வைத்து வளைத்துப் பார்த்தார். அதில் இன்னும் ஒன்று மிரண்டு கிளைக்குப் போய்விட்டது. என் கணவர் தடியை ஊன்றிக்கொண்டு பின்வாசல் படியில் இறங்க முயன்றார். "ஐயோ, நீங்க உள்ள போங்க! நனைஞ்சு ஒங்களுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா நான் என்னா பண்ணுவேன்? சொன்னா கேளுங்க" என்று குழந்தையை விரட்டுவது போல் விரட்டினேன். அவர் கேட்கவில்லை. ஒரு காலை இழுத்து இழுத்துக் கூண்டு வரைக்கும் வந்து, அதன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிறகு ஒரு சத்தம் கேட்டது.

"ப்...பா."

யார் என்று நான் திரும்பிப் பார்த்தேன். சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. அது அவருடைய பழைய குரல் இல்லை. கரகரத்து, ஒரு பக்கமாகச் சரிந்து, காற்றும் எச்சிலும் கலந்து வந்த குரல். "ப்பா... பா... பா."

கிளையில் இருந்த கோழி தொப்பென்று கீழே குதித்தது. மரத்தடியில் நின்றவை எல்லாம் தூறலில் இறக்கையை அடித்துக்கொண்டு, தட்டோடு நின்ற என்னைச் சட்டையே செய்யாமல் என் காலைச் சுற்றிக்கொண்டு ஓடி, நேராக அவரிடம் போயின. அவர் கையில் தட்டு இல்லை, நொய் இல்லை. வெறும் குரல்தான். இன்னும் ஒரு முறை "பா" என்றார். ஒவ்வொன்றாகக் கூண்டுக்குள் போய் அடைந்தன. இடது கையால் கதவைத் தள்ளிச் சாத்தினார்.

நாத்தனார்தான் முதலில் சுதாரித்தார். "என்னாடி இது? கூப்ட்ட மாத்திரத்துல வருதே! புதுக் கொரலுக்கு இப்டி வராதே. இது நல்லா பழகின கொரலு இல்ல?"

நாத்தனார் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. காலியான நொய் டப்பாவும், கீழே கிடந்த கல்லும், அன்று அவர் தடியால் அடித்த அடியும் எல்லாம் ஒன்றாகப் புரிந்தன. நான் இல்லாத பகல் பொழுதில் இவர் இவற்றோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு நாள், இரண்டு நாள் பழக்கம் இல்லை இது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். திருட்டுத்தனமாகத் தின்பண்டம் எடுத்துத் தின்று மாட்டிக்கொண்டவர் போல வெட்கப்பட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். நானும் எதுவும் கேட்கவில்லை. என் வாழ்க்கையிலேயே நான் எதுவும் கேட்காமல் இருந்த முதல் தடவை அதுவாகத்தான் இருக்கும்.

புயல் அடித்து ஓய்ந்தது. காலையில் பார்த்தால் முருங்கை மரம் பாதியில் முறிந்து வேலி மேல் கிடந்தது. கூண்டுக்குள் கோழிகள் சமத்தாக இருந்தன.

அங்கன்வாடி மறுபடி திறந்த பிறகு ஒரு நாள், ஆசிரியையிடம் கேட்டுக்கொண்டு சீக்கிரமே வீட்டுக்கு வந்தேன். உளவு பார்க்கத்தான், வேறென்ன? முன்வாசல் பக்கம் போகாமல் வேலியை ஒட்டிச் சுற்றிக்கொண்டு போனேன். வழியிலேயே குரல் கேட்டது.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் நொய் டப்பா. காலைச் சுற்றிக் கோழிகள். அவர் ஊர்ப் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். வண்டியில் இத்தனை வருடம் கத்திய அதே நிறுத்தங்கள், வரிசை தப்பாமல். "ஆ...லப்...பாக்கம்" என்று ஒன்று முடிந்ததும் ஒரு பிடி நொய்யை இறைத்தார். அடுத்து "பு..." என்றார். நின்றுவிட்டது. "பு... பு..." கழுத்து நரம்பு புடைத்தது. வேலிக்கு இந்தப் பக்கம் என் வாய் தானாகத் திறந்துகொண்டது. 'புதுச்சத்திரம்' என்று என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சட்டென்று முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டேன்.

கோழிகள் நின்றன. ஒன்று தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தது. ஒன்று அவர் கால் விரலைக் கொத்திப் பார்த்தது. அவற்றுக்கு அவசரம் இல்லை. பாவம் என்று பார்க்கவும் இல்லை, கை தட்டவும் இல்லை. அவர் எத்தனை முறை முட்டி மோதினாரோ தெரியாது, கடைசியில் "புதுச்... சத்தரம்!" என்று வந்தது. தானே சிரித்தார். நோயில் விழுந்ததிலிருந்து நான் அந்தச் சிரிப்பைப் பார்க்கவே இல்லை. டப்பாவைச் சாய்த்து இரண்டு பிடியாக அள்ளி இறைத்தார்.

நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து, சத்தம் வராமல் அழுதேன். சந்தோஷத்தில் பாதி, வெட்கத்தில் பாதி. அவர் பேச்சை யாரும் பிடுங்கிக்கொண்டு போகவில்லை. நான்தான் அதை வளர விடாமல் மேலே உட்கார்ந்துகொண்டிருந்தேன். பஸ் நிறைய ஆட்களை ஏற்றி இறக்கிய மனிதரைப் பால்வாடிப் பிள்ளையாக்கி, கை தட்டி, கண்ணீர் விட்டு, அவர் வார்த்தையை அவர் வாயிலிருந்தே எடுத்து நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கடைசி நிறுத்தம் வரைக்கும் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்து, பிறகு சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாக, வேண்டுமென்றே செருப்பைச் சத்தமாகக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

அன்றே அந்தப் படத்தாளைச் சுவரிலிருந்து கிழித்துவிட்டேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் மகள் போன் செய்தாள். எப்போதும் போல் அவர் காதில் வைத்துப் பிடிக்காமல், போனை அவர் இடது கையில் கொடுத்தேன். "கோழிக்குத் தண்ணி வச்சிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போய்விட்டேன். தண்ணீர் வைத்தாயிற்று. கூண்டைக் கூட்டியாயிற்று. வேறு வேலை இல்லாமல் காலி வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே வெகு நேரம் சத்தமே இல்லை. இன்றும் இல்லை போலிருக்கிறது என்று நினைத்தபோது கேட்டது.

"சாப்... சாப்... சாப்ட்டியா?"

கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அவரே, "அழா...த. சாப்ட்டியா?" என்றார். நான் வாளியைக் கீழே போட்டுவிட்டேன்.

இப்போது அவர் பேசுகிறார். நிதானமாக, விட்டு விட்டுப் பேசுகிறார். கண்டக்டர் வேலைக்குத் திரும்ப முடியவில்லை. அதில் அவருக்கு வருத்தம் உண்டு, எனக்கும் உண்டு. பேசிக்கொண்டிருக்கும்போதே சில சமயம் ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டு என்னைப் பார்ப்பார். அந்த வார்த்தை எனக்குத் தெரியும். அடுப்பில் பால் பொங்கினாலும், வாசலில் ஆள் நின்றாலும் அதை விழுங்கிக்கொண்டு காத்திருப்பேன். ஓயாத வாய்க்காரியான எனக்கு இது லேசான காரியம் இல்லை. ஆனால் தேடிக்கொண்டிருந்த வார்த்தையைத் தானே பிடித்துச் சொல்லி முடிக்கும்போது அவர் முகத்தில் வரும் சந்தோஷத்தை, உதவி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு எத்தனை தடவை நானே தட்டிப் பறித்திருக்கிறேன் என்று நினைத்தால், இன்றைக்கும் என் கை தானாக முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொள்கிறது.